கை பொறுக்கும் சூடு

சாயா வேண்டாம், ஐயா. ஆறுவதற்குள் நீங்கள் குடியுங்கள். நான் சாயாவை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஒன்று, விக்ரோலியில் இறங்கியதும் ஒன்று, கம்பெனிக்குள் போய்விட்டால் கணக்கே இல்லை. கடைசியாகக் குடித்தது தாராவியில், ஷேக் பரீத் பாயின் பட்டறை இருந்த சந்து முனையில். அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அது பின்னால் வரும்.

விசாரணைக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் வந்தது நல்லதாயிற்று. பாளையங்கோட்டைப் பக்கம் என்று உங்கள் பேச்சிலேயே தெரிகிறது. எனக்கு இந்தியில் மோட்டாரைப் பற்றிப் பேச வரும். என்னைப் பற்றிப் பேச வராது.

என் பெயர் வானமாமலை. விக்ரோலியில் மின்மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை. பல வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த வரைபடங்களை ஒளி ஊடுருவும் மெழுகுத்துணியில் படியெடுப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. கீழே ஒளி, அதன்மேல் வரைபடம், அதன்மேல் துணி, எல்லாவற்றுக்கும் மேலே என் பேனா. யாரோ போட்ட கோட்டின் மேல் கோடு போட வேண்டும். கொஞ்சம் விலகினால் தப்பு.

அந்த மோட்டார்கள் எல்லாம் பருத்தவை. இரும்பும் செம்பும் தாராளமாகக் கிடைத்த தேசத்தில், தாராளமான மனுஷர்கள் வரைந்தவை. தேவைக்கு மேல் செம்புக் கம்பி, தேவைக்கு மேல் இரும்புத் தகடு, அதற்கும் மேலே காற்று போய்வர இடம். படியெடுக்கும்போது எனக்குள் ஒரு எரிச்சல் ஊறும். ஏனென்றால் மாட்டுங்காவில் எங்கள் வீடு ஒரே அறை. நான், மனைவி செண்பகவல்லி, அவளைப் பெற்றவர்கள். நடுவில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கும். ஒரு பொருள் உள்ளே வர வேண்டுமானால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும். நான் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, படியெடுத்த மோட்டார்களிலிருந்து எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பேசமாட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. ஒருவர் பேசினால் நால்வருக்கும் கேட்கும் என்பதால் யாரும் பேசுவதில்லை.

ஒரு தடவை செண்பகவல்லி பாத்திரம் கழுவிக்கொண்டே, "இன்னும் எத எடுக்கணும்னு பாக்கிய? இந்த வீட்டுல எடுத்து வெளிய போட எங்கம்மையும் நானுந்தான் மிச்சம்" என்றாள். அவள் அம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "என்னைய முதல்ல போடச் சொல்லு, திருநவேலி வண்டியில" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். நான் அப்போது மோட்டார்த் தகட்டின் பல்லுக்கு நடுவே, கம்பி சுற்றுகிற பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லையில் சண்டைகள் வந்தன, வெளிநாட்டிலிருந்து செம்பு வருவது தடைப்பட்டது. எங்கள் மேனேஜர் தேசாய் எல்லோரையும் கூப்பிட்டு, மூன்று குதிரைத்திறன் மோட்டாரின் உடம்புக்குள் ஐந்து குதிரைத்திறனை யாராவது அடக்கிக் காட்டினால் படியெடுக்கும் மேஜையிலிருந்து எழுந்து வரலாம் என்றார். என் மடிப்பலகையில் அது ஏற்கெனவே முக்கால்வாசி இருந்தது. கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு எனக்குத் தனி மேஜை கிடைத்தது. ஜன்னல் பக்கம்.

மோட்டாரைச் சிறிதாக்குவது பெரிய வித்தை இல்லை, ஐயா. செம்பை எடுக்கலாம், இரும்பை எடுக்கலாம். எடுத்த இடம் சும்மா இருக்காது. அங்கே சூடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சூட்டை யார் தாங்குவது என்பது மட்டும்தான் கேள்வி. பழைய மோட்டார்களில் கம்பிமேல் பருத்தி நூல் சுற்றியிருப்பார்கள். அது அதிகம் தாங்காது. புதிதாக எனாமல் பூசிய கம்பி வந்திருந்தது. அது நன்றாகத் தாங்கும். என் மோட்டார் எனாமல் கம்பிக்காகப் போட்டது. பழைய மோட்டாரைவிடச் சூடாக ஓடும், ஆனால் பழுதாகாது. என் வரைபடத்தில் ஒரு தவறும் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தவற்றில் ஒன்று தாராவியிலிருந்து திரும்பி வந்தது. பழுது இல்லை. 'சுடுகிறது' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாங்கினவர் தமிழர் என்பதால் தேசாய் என்னையே போகச் சொன்னார்.

பரீத் பாயின் பட்டறையை நீங்கள் எரிந்த பிறகுதான் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். தோல் பையும் பெல்ட்டும் செய்கிற இடம். சந்தின் பக்கம் ஒரே கதவு. பின்சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. தோலைச் சாணைச் சக்கரத்தில் தேய்க்கும்போது பறக்கிற தூசி அடுத்த வீட்டுக்குப் போகிறது என்று சண்டை வந்து, அதைத் தகரம் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். மேலே ஒரு பலகைப் பரண். கதவை ஒட்டி மரஏணி. பட்டறை மெஷின்களை ஓட்டுகிற பெரிய பழைய மோட்டார் பின்சுவர் ஓரத்தில், தனக்கென்று ஒரு மேடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைத்தான் திரும்ப மாட்டியிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

பரீத் பாய் மேலப்பாளையத்துக்காரர். நான் நாங்குநேரி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஸ்டூலைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார்.

"நம்மூர்க்காரவுக செஞ்ச மோட்டருன்னு தெரிஞ்சிருந்தா திருப்பியே அனுப்பிருக்க மாட்டேன் அண்ணாச்சி. கைய சுட்டாலும் ஊதிக்கிட்டு இருந்திருப்பேன்."

"அது சுட்டா ஒண்ணும் ஆகாது பாய். அது அப்படித்தான் ஓடும்."

"ஒங்களுக்கு ஆகாது. ஆபிதாட்ட சொல்லிப் பாருங்க."

ஆபிதா அவருடைய தங்கை. புருஷனை இழந்தவள். மோட்டாருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பைக்கு உள்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது, கத்தரியை வைத்துவிட்டு, இடது கையை நீட்டி உள்ளங்கையை மோட்டாரின் முதுகில் வைப்பாள். வைத்தபடியே வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துவிட்டு எடுத்துக்கொள்வாள். அந்த ஓதலை முடிக்கும்வரை கை பொறுத்தால் மோட்டார் ஓடலாம். பொறுக்கவில்லையென்றால் ஓடக்கூடாது. நான் இருந்தபோதே ஒரு தடவை கையைச் சட்டென்று எடுத்தாள்.

"சுட்டுருச்சு. பந்த் பண்ணு."

சாணைச் சக்கரத்தில் நின்ற பூதத்தான் ஸ்விட்சை இறக்கினான். சத்தம் நின்றதும் பட்டறையே மூச்சு விட்டது போல இருந்தது. பூதத்தான் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டு, "ஆபிதாக்கா, நாளைக்கி இன்னுங் கொஞ்சம் வெரசா சுட வையி. நாக்கு ஒட்டிப்போச்சு" என்றான்.

"மோட்டரு என்ன ஒன் மாமியாராலே, ஒன்னப் பாத்ததும் சூடாக?"

மேலே பரணில் தையல் போட்டுக்கொண்டிருந்த மெஹராஜ் என்ற பெண் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கி வந்தாள். சாயா வந்தது. மோட்டார் ஆறுகிற வரையில் எல்லோரும் கதவோரம் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றில் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மோட்டார் சுட்டால் வேலை நிற்கும். அதற்கு மோட்டார் சாயா என்று பெயர். முதலாளி அதற்குத் தடை சொல்வதில்லை, ஏனென்றால் மோட்டார் போனால் அவருக்குத்தான் நஷ்டம். ஆட்களும் தாங்களாக ஓய்வு கேட்பதில்லை. மோட்டார்தான் அவர்களுக்காகக் கேட்டது.

நான் போனபோது இன்னொன்றையும் பார்த்தேன். கதவு நிலைக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். அடிக்கடி எரிந்துபோகிறது என்று அப்படிச் செய்வார்கள். மோட்டார் எவ்வளவு திணறினாலும் அந்தக் கம்பி அறுந்து மின்சாரத்தை நிறுத்தாது. ஆக, அந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தக்கூடியது ஆபிதாவின் உள்ளங்கை ஒன்றுதான். சாயா குடித்துக்கொண்டே இதை நினைத்தேன். ஃபியூஸை மாற்றச் சொல்லியிருக்கலாம். ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

திரும்பிப் போய் தேசாயிடம், வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொன்னால் போதும் என்றேன். அவர் சிரித்தார். உன் விளக்கத்தை மோட்டாரோடு கட்டி அனுப்ப முடியாது, தொட்டால் சுடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். சுடாமல் இருக்க வேண்டுமானால் எடுத்த செம்பைத் திரும்பப் போட வேண்டும். திரும்பப் போட்டால் அது பழைய மோட்டார். பழைய மோட்டார் என்றால் எனக்குப் பழைய மேஜை.

அன்றைக்கு ரயிலில் கூட்டம். காட்கோபர் வரையில் ஒருவருடைய முதுகு என் முகத்தில் அழுந்தியிருந்தது. கம்பளிச் சட்டை போட்டிருந்தார், மழைக்காலத்தில். அவருக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும், நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் வெளியே, என் கன்னத்தில், சூடு தெரியவில்லை.

இப்படித்தான் உறை வந்தது. மெல்லிய தகரத்தில், மோட்டாரின் மேல் ஒரு சட்டை. நடுவே கம்பளிப் பஞ்சு. இலைப் பச்சை வண்ணம். பார்க்கவும் அழகாக இருந்தது. உள்ளே எப்படிக் கொதித்தாலும் உறையைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆபிதாவைப் போல ஓதி, இரண்டு முறை ஓதி, சாவகாசமாகக் கையை எடுக்கலாம். உறை போட்டால் உள்சூடு இன்னும் கூடும் என்பது உண்மை. எனாமல் கம்பி அதையும் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே நிறுத்த வேண்டும் என்று பித்தளைத் தகட்டில் இங்கிலீஷில் பொறித்தோம். அந்தத் தகடு மோட்டாரின் உடம்பில் இருந்தது. உறையைப் போட்டபோது அது உறைக்குள் போய்விட்டது.

தேசாய்க்குப் பிடித்தது. மோட்டாரைத் திருப்பி அனுப்பிய அதே பட்டறைக்கு உறை போட்டதை அனுப்பு, மழைக்காலம் முடிகிற வரையில் அங்கிருந்து புகார் வராவிட்டால் நூற்றுக்கணக்கில் செய்யலாம், புகார் வந்தால் இந்தப் பேச்சை விட்டுவிட்டுப் படியெடுக்கப் போ என்றார். நியாயமான ஏற்பாடு. நான் ஒத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் எனாமல் கம்பி வருவது நின்றது. ஸ்டோரில் பருத்தி நூல் சுற்றிய பழைய கம்பிதான் இருந்தது. நூல் பருமன் அதிகம், ஆகவே அதே பள்ளத்தில் செம்பு இன்னும் குறைவாகத்தான் போகும். சூடு இன்னும் கூடும், தாங்கும் சக்தி பாதியாகும். கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவிலிருந்து, இதையே சுற்றலாமா என்று கேட்டு அனுப்பினார்கள். தேசாயும் என் மேஜைக்கு வந்து, ஒன்றும் வித்தியாசம் இல்லையே என்றார். அவருக்குத் தெரியாது. கணக்கு என்னிடம் இருந்தது. இல்லை என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது என்று சொன்னால் கம்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை என்னை அந்த ஜன்னல் பக்கத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். நீங்கள் ஒளி போட்ட மேஜையில் குனிந்து இன்னொருவன் கோட்டின் மேல் கோடு போட்டதில்லை, ஐயா. போட்டிருந்தால் கேட்கமாட்டீர்கள்.

மோட்டாரை நானே கொண்டுபோய் மாட்டினேன். பரீத் பாய் அதைக் குழந்தையைப் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பொடிசா இருக்கு. இதுவா அஞ்சு குதிரை? குதிரைக எல்லாம் குட்டியா இருக்கும்போல."

"மேடை வேண்டாம் பாய். இத எங்க வேணாலும் வைக்கலாம். ஏணிக்கு அடியில வைங்க. பின்னால இன்னொரு மேஜை போட இடம் கிடைக்கும்."

அந்த யோசனை என்னுடையதுதான். சிறிய மோட்டார் என்றால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று காட்ட எனக்கு ஆசை. ஏணிக்கு அடியில் அது அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. பின்சுவர் ஓரம் காலியான இடத்தில் வெட்டுமேஜை வந்தது. ஆபிதா முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் தோல் ஒட்டுகிற, பொறி பட்டாலே பற்றிக்கொள்கிற சொல்யூஷன் டப்பாக்களை அடுக்கினார்கள். ஆபிதா துணியும் கத்தரியுமாகப் பரணுக்கு, மெஹராஜுக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

முதல் நாள் அவள் இறங்கி வந்து உறையின் மேல் கை வைத்தாள். ஓதினாள். முடித்துவிட்டுக் கையைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, இது ஓடுதா இல்லியா?"

"ஓடுது ஆபிதா."

"ஏம் மவன் நெத்தி இதவிடச் சுடும்."

பரீத் பாய் என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போனார். கையில் பெரிய ஆர்டர் இருந்தது, பள்ளிக்கூடப் பைகள். நிறுத்தாமல் ஓட்டினால்தான் முடியும். "அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கை வச்சாச் சுடல. சுடாத வரைக்கும் ஓட்டலாமா?"

ஊர்க்காரர் என்ற உரிமையில் கேட்டார். பழைய கம்பி என்று அப்போது சொல்லியிருக்கலாம். மணிக்கொரு தரம் நிறுத்துங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நிறுத்தச் சொன்னால், இது பழைய மோட்டாரைவிட எந்த விதத்தில் உசத்தி என்று கேட்பார். தேசாய் காதுக்குப் போகும்.

"சுடாத வரைக்கும் ஓட்டலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் மோட்டார் சாயா இல்லை. நான் இடையிடையே போய்ப் பார்ப்பேன். பூதத்தான் கண் சிவந்து நிற்பான். "அண்ணாச்சி, ஒங்க மோட்டரு சாயா குடிக்காதா? நோம்பா?" என்பான். பரீத் பாய் அவன் முதுகில் செல்லமாக ஒன்று போடுவார். ஆபிதா கொஞ்ச நாள் இறங்கி வந்து கை வைத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். சுடாத ஒன்றை எத்தனை தடவை தொட்டுப் பார்ப்பது.

அவர்கள் சாயா குடிக்காத ஒவ்வொரு வேளையும் உள்ளே பருத்தி நூல் பழுத்து, பழுப்பேறி, உதிரத் தொடங்கியிருக்கும். எனக்கு அது கண்ணால் பார்ப்பது போலத் தெரியும். வீட்டில் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும்போது, இன்றைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். மழை முடிகிறவரை தாங்கும் என்று ஒரு கணக்கில் வரும். தாங்காது என்று இன்னொரு கணக்கில் வரும். முதல் கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவேன். செண்பகவல்லி ஒரு நாள், தூங்காமல் கிடக்கிறேனே என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சுடலியே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மழை குறைந்து வெயில் வந்துவிட்டது. புகார் வரவில்லை. அன்றைக்குப் பரீத் பாய் வாயால் 'குறை ஒன்றும் இல்லை' என்று கேட்டு, மறுநாள் அவரைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய் தேசாய் முன்னால் சொல்லவைக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். சாயங்காலத்துக்குச் சற்று முன்பு. பரீத் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். இப்போது வந்துவிடுவார் என்று பூதத்தான் சக்கரத்திலிருந்து திரும்பாமலே சொன்னான்.

வாசலில் நுழைந்ததுமே எனக்கு வாசனை தெரிந்தது. தோல் பட்டறையில் நூறு வாசனை இருக்கும். தோல், சொல்யூஷன், சாயம், வியர்வை. அங்கே இருப்பவர்களுக்கு இன்னொன்று தெரியாது. மோட்டார்க் கம்பிமேல் பூசுகிற வார்னிஷ் கருகுகிற வாசனையை நான் பரிசோதனை அறையில் எத்தனையோ தடவை முகர்ந்தவன். அது வந்துவிட்டால் கொஞ்ச நேரம்தான். அங்கே நாங்கள் உடனே ஸ்விட்சை இறக்கிவிட்டு மணல் வாளியை எடுப்போம்.

பரணிலிருந்து ஆபிதா எட்டிப் பார்த்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்னமோ கருகுத மாதிரி இல்ல?"

"ஒன் மூக்குதான் கருகிப்போச்சு" என்றான் பூதத்தான்.

"சும்மா கெடலே. அண்ணாச்சி, கீழதான நிக்கிய, அந்த மோட்டர்ல கொஞ்சம் கை வச்சுப் பாருங்களேன். சுட்டாச் சொல்லுங்க, நிறுத்திட்டு எறங்கி வாறோம். இடுப்பு ஒடியுது."

நான் ஏணிக்கு அடியில் குனிந்து உறையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அவள் ஓதுவது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அளவு நேரம் வைத்திருந்தேன். அதற்குக் கூடுதலாகவே வைத்திருந்தேன். வெதுவெதுப்பு இருந்தது. கை பொறுத்தது.

"சுடல ஆபிதா" என்றேன்.

இதை நீங்கள் பொய் என்று எழுத முடியாது.

"அப்ப இன்னிக்கும் சாயா இல்ல. அண்ணாச்சி வந்து நம்ம பொழப்புல மண்ணப் போட்டுட்டாரு" என்றாள் மெஹராஜ், முகம் தெரியாமல், மேலிருந்து. மூவரும் சிரித்தார்கள்.

ஸ்விட்ச் கதவு நிலையில் என் தோள் உயரத்தில் இருந்தது. வெளியே வரும்போது அதை உரசிக்கொண்டுதான் வந்தேன். இறக்கியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். பரீத் பாய் வந்து, புகார் இல்லை என்று சொல்வதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அவர் சொல்லிவிட்ட பிறகு இறக்கலாம் என்று நினைத்தேன். சந்து முனைக்குப் போய், அவர் வருகிற வழியைப் பார்த்து நின்று, ஒரு சாயா சொன்னேன்.

நல்ல சாயா. இஞ்சி தட்டிப் போட்டிருந்தான்.

அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பட்டறைப் பக்கமிருந்து 'பொத்'தென்று ஒரு சத்தம் கேட்டது, நனைந்த துணியை உதறினது போல. சொல்யூஷன் டப்பா. பிறகு சந்தில் புகை. ஆட்கள் ஓடினார்கள். ஏணி தீயின் மேல் நின்றது. பூதத்தான் கதவுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தான், வெளியே வந்தும்விட்டான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மேலே இருவர் கூப்பிடுவது கேட்டுத் திரும்ப உள்ளே ஏறிப் போனான். ஏணி அவனைத் தாங்கியது, இறங்கும்போது தாங்கவில்லை. பின்பக்கத்து ஜன்னல் தகரத்தை உள்ளேயிருந்து அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நான் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அது எனக்கே பிறகுதான் தெரிந்தது, கடைக்காரன் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டபோது.

பரீத் பாய் அந்த வழியாகத்தான் ஓடி வந்தார். என்னைத் தாண்டி ஓடினார். தலையில் தொப்பி இருந்தது.

நீங்கள் ஒரு கேள்வி கேட்கத் தயங்குகிறீர்கள். ஆட்கள் சாவார்கள் என்று தெரிந்தே செய்தாயா என்று. மோட்டார் சாகும் என்று தெரியும். மனுஷர்களைப் பற்றி நான் கணக்குப் போடவில்லை. என் வேலையில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் ஒரே கதவு என்று தெரியும், ஜன்னலில் ஆணி என்று தெரியும், ஃபியூஸ் அறாது என்று தெரியும், ஏணிக்கு அடியில் வைக்கச் சொன்னது நான் என்று தெரியும், பருத்திக் கம்பி என்று தெரியும், அந்த வாசனை என்னவென்று தெரியும். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெயர் வைப்பது உங்கள் வேலை. நீங்கள் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். தேசாய்க்கு இதில் பங்கில்லை. பரீத் பாயைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஃபியூஸ் கம்பியைக் காட்டி அவர்மேல் வழக்குப் போடலாம் என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார். அது சரியில்லை. அவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டினார்.

இந்த அறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜன்னல் இல்லாவிட்டாலும் எனக்குப் பழக்கம்தான். மாட்டுங்கா அறையைவிட இது பெரிது. நான்கு பேர் தாராளமாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் எழுதாமல் விடாதீர்கள். மறுநாள் எல்லாம் ஆறிய பிறகு நான் அங்கே போனேன். ஏணி இல்லை, பரண் இல்லை. மோட்டார் இருந்த இடத்தில் இருந்தது. அச்சு வெளியே வருகிற திறப்பில் எட்டிப் பார்த்தால், உள்ளே செம்பு உருகி மணிமணியாக ஒட்டியிருந்தது. பச்சை வண்ணம் கருகிப்போயிருந்தாலும் உறை எங்கேயும் பிளக்கவில்லை, ஒரு மூலைகூட நெளியவில்லை. பரீத் பாய் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து உறையின் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஆபிதாவும் எத்தனை நாள் வைத்துப் பார்த்தாள். பூதத்தான் வைத்தான், பாய் வைத்தார், தேசாய் வைத்தார்.

உறை போட்ட என் மோட்டாரைத் தொட்டு இதுவரை ஒருவர் கையும் சுட்டதில்லை, ஐயா.